ராஜா போன பிறகு

பிப்ரவரி 6

இன்று முதல் மில்லுக்குப் போகிறேன். நூல் நூற்க அல்ல, இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க. நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தை இழுத்து மூடியதிலிருந்து வீட்டில் சும்மா உட்கார்ந்து, பால்காரரிடம் தேங்க்யூ சொல்வதோடு என் இங்கிலீஷ் முடிந்துபோயிருந்தது. எம்.ஏ. படித்த இங்கிலீஷ். வீட்டுக்காரர் மோட்டார் காயில் கட்டும் கடையில் உட்கார்ந்துகொண்டு, "உன்ற இங்கிலீசு துருப்புடிக்குது, கொண்டா ஆயில் போட்டுத் தாரேன்" என்று கேலி செய்துகொண்டிருந்தார்.

ஹெச்.ஆர். சந்தானம் சார் விஷயத்தை நேராகவே சொன்னார். ஏப்ரலில் வெளிநாட்டு பையர்கள் வருகிறார்கள். நூல் வாங்குகிறவர்கள் நூலை மட்டும் பார்ப்பதில்லையாம், ஹாஸ்டலில் இருக்கிற பெண்களை எப்படி வைத்திருக்கிறோம் என்றும் பார்ப்பார்களாம். பிடிக்காவிட்டால் ஆர்டர் போய்விடும். தையல் வகுப்புக்கும் யோகா வகுப்புக்கும் போட்டோ இருக்கிறது. இங்கிலீஷ் வகுப்புக்கு இல்லை.

"போட்டோவுக்கு மட்டும்னு நெனச்சுக்காதீங்க டீச்சர். நெஜமாலுமே சொல்லிக்குடுங்க. நல்லபடியா முடிஞ்சா நம்ம முதலாளி வீட்டு ஸ்கூல்ல ஜூன் மாசம் உங்களுக்கு ஒரு எடம் இருக்குதுங்க."

நம்ம முதலாளி வீட்டு ஸ்கூல் என்றால் பஸ் வைத்து, ஸ்மார்ட் போர்டு வைத்து நடத்தும் பெரிய பள்ளி. அங்கே போகக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். வரும்போது பஸ்ஸில் அதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன்.

வகுப்பு மெஸ் ஹாலில். முதல் ஷிப்ட் முடிந்து குளித்துவிட்டு வருகிறார்கள். குளித்தும் காதோரத்தில் பஞ்சு ஒட்டியிருக்கிறது. பாதிப் பேர் ராமநாதபுரம் பக்கத்துப் பெண்கள். வார்டன் ராஜாமணி அக்கா மூலையில் நாற்காலி போட்டுப் பூண்டு உரித்தபடி கூடவே உட்கார்ந்திருக்கிறார். வெளியாள் யார் வந்தாலும் வார்டன் இருந்தாக வேண்டும் என்பது இங்கே சட்டம். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போன் பேசும்போதும் அவர் பக்கத்தில் இருப்பாராம். அவருக்கு இங்கிலீஷில் தெரிந்தது குட்மார்னிங் மட்டும்.

பிப்ரவரி 11

டாக்டரிடம் பேசுவது எப்படி என்று பாடம். தலை, கண், வயிறு, முதுகு. பாண்டிமீனா என்று ஒருத்தி, துறுதுறுவென்று இருக்கிறாள். எதைக் கேட்டாலும் முதலில் கை தூக்குவது அவள்தான். "மை ஸ்டமக் இஸ் பெயினிங்" என்றாள். அப்படிச் சொல்லக் கூடாது, "ஐ ஹேவ் எ ஸ்டமக் ஏக்" என்று திருத்தினேன். எல்லாரும் கோரஸாகச் சொன்னார்கள். இருபது பேருக்கும் ஒரே சமயத்தில் வயிற்றுவலி. சிரித்துவிட்டோம்.

எல்லாம் தமிழ் எழுத்திலேயே எழுதிக்கொள்கிறார்கள். முதலில் திட்டினேன். பிறகு விட்டுவிட்டேன். நாக்குக்கு வந்தால் போதும்.

பாண்டிமீனாவின் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு உட்காருகிறவள் நாகஜோதி. ஒரே ஊர், ஒரே பஸ்ஸில் வந்தவர்கள், பக்கத்துப் பக்கத்துக் கட்டில். வளர்த்தியான பெண். பேசச் சொன்னால் கையால் வாயை மூடிக்கொண்டு பேசுகிறாள்.

பிப்ரவரி 20

பையர்கள் முன்னால் பெண்கள் ஏதாவது இங்கிலீஷில் செய்து காட்ட வேண்டும் என்றார் சந்தானம் சார். ரைம்ஸ் போதும் என்பது அவர் எண்ணம். நான் விடவில்லை. கல்லூரியில் படித்த பழைய நாடகம் ஒன்றின் கடைசிக் காட்சியைப் போடுகிறோம் என்றேன். நானூறு வருடத்து நாடகம். வெள்ளைக்காரர்கள் பள்ளிக்கூடத்திலேயே படித்திருப்பார்கள். பி.ஏ. இரண்டாம் வருடத்தில் அதில் நான் வேலைக்காரியாக நடித்துக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன்.

கதையைச் சொன்னேன். ஒரு கோட்டை. அதை ஆளும் பிரபுவின் மனைவி படியில் விழுந்து இறந்துவிட்டாள் என்று சொல்கிறார்கள். உண்மை அது இல்லை. ராஜா விருந்துக்கு வருகிறார். பிரபுவுக்குப் பயந்து கோட்டையில் ஒருவரும் வாயைத் திறப்பதில்லை. மனைவி இறந்த அன்றைக்கு விளக்குப் பிடித்துப் போன வேலைக்காரி மட்டும் ராஜா முன்னால் வந்து, நான் பார்த்தேன் என்று சொல்கிறாள். "பேசு, உன்னை யாரும் ஒன்றும் செய்ய மாட்டார்கள்" என்கிறார் ராஜா. அவள் பேசுகிறாள். முடிந்தது.

சந்தானம் சாருக்கு ராஜாவைப் பிடித்துவிட்டது. "நம்ம பையர் மாதிரியே வெளிய இருந்து ஒருத்தர் வர்றாரு. அவங்களுக்குச் சந்தோசமா இருக்கும், போடுங்க டீச்சர்," என்றார்.

பாண்டிமீனா வேலைக்காரி. நாகஜோதி ராஜா, உயரத்துக்காக.

மார்ச் 4

ஒத்திகை. வாயை மூடிக்கொண்டு பேசும் ராஜாவை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கையைப் பின்னால் கட்டச் சொன்னேன். அப்புறம் குரல் வந்தது. "ஸ்பீக். நோ ஒன் ஷல் ஹார்ம் யூ." நல்ல கனமான குரல். இத்தனை நாள் எங்கே வைத்திருந்தாள் என்று தெரியவில்லை. ஸ்வீட் பாக்ஸ் அட்டையில் கிரீடம் செய்து வைத்ததும் பெண்கள் எல்லாரும் அவள் காலில் விழுந்து கும்பிட்டுக் கூத்தடித்தார்கள்.

முடிந்ததும் நாகஜோதி கேட்டாள். "டீச்சர், ராஜா போன பெறகு அந்த வேலக்காரி என்ன ஆனா?"

நாடகம் அதோடு முடிந்துவிடுகிறது என்றேன்.

"இல்ல டீச்சர். ராஜா குதிர ஏறிப் போயிருவாரு. இவ அந்தக் கோட்டைக்குள்ளதான இருக்கணும்?"

எங்கள் பேராசிரியர்கள்கூட இப்படிக் கேட்டதில்லை. பரீட்சைக்கு வராத கேள்வி என்று சிரித்துச் சமாளித்தேன்.

மார்ச் 12

ராஜா இன்று நிற்கவே மாட்டேன் என்கிறாள். வசனத்துக்கு நடுவில் பெஞ்சில் உட்கார்ந்துவிடுகிறாள். எனக்கு எரிச்சல் வந்தது. என்ன என்று கேட்டேன். இங்கிலீஷில்தான் கேட்டேன், வகுப்பு என்றால் இங்கிலீஷ்தான் என்று சொல்லியிருக்கிறேன்.

"ஐ ஹேவ் எ ஸ்டமக் ஏக், டீச்சர்," என்றாள்.

ஒரு தப்பு இல்லை. உச்சரிப்பு அவ்வளவு சுத்தம். பாடத்தில் படித்ததை இடம் பார்த்துச் சொல்லிவிட்டாளே என்று எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எல்லாரையும் கைதட்டச் சொன்னேன். தட்டினார்கள். பாண்டிமீனா மட்டும், "நெசமாவே வலி டீச்சர், நேத்துல இருந்து," என்றாள்.

ராஜாமணி அக்கா பூண்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "மாசாமாசம் வர்றதுதானுங்க டீச்சர். ஓமத் தண்ணி குடுத்திருக்கறனுங்க. லீவு போட இதொரு சாக்கு."

அவள் இடுப்பை வளைத்துக்கொண்டே மீதி வசனத்தைச் சொல்லி முடித்தாள்.

மார்ச் 14

மில் வாசலில் வாட்ச்மேன், இன்று வகுப்பு இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார். முன்கூட்டியே ஒரு போன் செய்யக் கூடாதா? உள்ளே ஒரு வேன் நின்றது. வரும் வழியில் சின்ன வெங்காயம் வாங்கினேன். பாதி அழுகல்.

மார்ச் 17

நாகஜோதி ஊருக்குப் போய்விட்டாளாம். காய்ச்சல், அவள் அப்பா வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டார் என்றார் சந்தானம் சார். குணமானதும் வருவாளா என்று கேட்டேன். "சொல்ல முடியாதுங்க டீச்சர், நீங்க வேற ராஜா பார்த்துக்கங்க," என்றார்.

சுகப்பிரியாவை ராஜாவாக்கியிருக்கிறேன். குட்டை. கிரீடம் கண் வரை இறங்குகிறது.

யாரும் சரியாகப் பேசவில்லை. கோரஸ் சொல்லச் சொன்னால் உதடு மட்டும் அசைகிறது. வெயில் ஆரம்பித்துவிட்டது, அதனால் இருக்கும். மெஸ் வாசலில் செருப்பு வைக்கும் பலகையில் நாகஜோதியின் செருப்பு இருந்தது. எல்லார் செருப்பிலும் பால்பாயின்ட் பேனாவால் பெயர் எழுதியிருப்பார்கள். ஊருக்குப் போகிறவள் செருப்பைப் போட்டுக்கொண்டு போக மாட்டாளா? அவசரத்தில் மறந்திருப்பாள்.

மார்ச் 18

சாப்பிடும்போது வீட்டுக்காரர் சொன்னார். "டீக்கடையில பேசிக்கறாங்க. மில்லுப் புள்ள ஒண்ணு செத்துப்போச்சாமா. விடியக்காலம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகையில உசுரே இல்லியாம்."

எந்த மில் என்று கேட்டேன். தெரியாது என்றார். இந்த ரோட்டில் மட்டும் எத்தனை மில் இருக்கிறது. எல்லாவற்றையும் போட்டு நினைத்துக்கொண்டிருந்தால் ஆகுமா? ரசத்தில் உப்புப் போட மறந்திருக்கிறேன், அவரும் சொல்லவில்லை.

மார்ச் 21

பாண்டிமீனாவுக்குப் படிப்பில் புது வெறி வந்திருக்கிறது. வகுப்பு முடிந்ததும் என் பின்னாலேயே வருகிறாள். "சாவிக்கு இங்கிலீஷ்ல என்ன டீச்சர்? பூட்டியிருந்துச்சுன்னு எப்பிடிச் சொல்லணும்? கெஞ்சுறதுக்கு?"

கீ. லாக்டு. பெக். நேற்று நடந்ததென்றால் பெக்ட்.

"ஐ பெக்ட்," என்றாள். மறுபடி, "ஐ பெக்ட், ஐ பெக்ட்," என்று சொல்லிக்கொண்டே நடந்தாள். ராஜாமணி அக்காவுக்கே ஆச்சரியம். "இந்தப் புள்ளைக்கு வந்த வாழ்வப் பாருங்க. வெள்ளக்காரியாட்டப் பேசுதே," என்றார்.

இப்படி ஒரு மாணவி கிடைத்தது என் அதிர்ஷ்டம்.

மார்ச் 26

இன்றைக்கு அவள் கேட்ட சொற்கள்: விடியும்வரை. மடியில். உடம்பு ஜில்லென்று ஆவது.

சொல்லிக்கொடுத்தேன். எதற்கு என்று நான் கேட்கவில்லை. கவிதை கிவிதை எழுதுகிறாளோ என்னவோ. இந்த வயதில் எழுதுவார்கள்.

மார்ச் 31

தலைவலி. லீவு.

ஏப்ரல் 3

ஒத்திகையில் பாண்டிமீனா வசனத்தை மாற்றினாள். "ஐ ஹெல்ட் த லேம்ப்" என்று வர வேண்டும், அதாவது நான் விளக்கைப் பிடித்திருந்தேன். அவள் "ஐ ஹெல்ட் ஹெர் ஹெட்" என்றாள். அவள் தலையைப் பிடித்திருந்தேன். அதோடு நிற்கவில்லை. கேட், கீ, பெக்ட் என்று போய்க்கொண்டே இருந்தாள். மற்றப் பெண்கள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சுகப்பிரியா அழுதாள்.

ராஜாமணி அக்கா பூண்டுத் தோலை ஊதிவிட்டுச் சொன்னார். "என்னமா பேசுது பாருங்க டீச்சர். நமக்கு ஒண்ணும் புரியலீன்னாலும் ஒடம்பு சிலிர்க்குதுங்க."

எழுந்து போய் நாடகத்தை நிறுத்தினேன். தண்ணீர் குடிக்கப் போகிற சாக்கில் அவளைப் பைப்படிக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

"புத்தகத்துல இல்லாததை எதுக்குச் சொல்ற?"

"மறந்திருச்சு டீச்சர்."

"மறந்தா இவ்வளவு வருமா?"

என் முகத்தையே பார்த்தாள். "வர்றவகளுக்கு இங்கிலீஷ்தான புரியும் டீச்சர்? எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ் அம்புட்டும் நீங்க சொல்லிக்குடுத்ததுதான்."

நான் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பாள். புத்தகத்தில் உள்ளபடிதான் பேச வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னேன். "சரி டீச்சர்," என்றாள். சட்டென்று சொன்னாள், அது எனக்குப் பிடிக்கவில்லை.

ஏப்ரல் 5

சந்தானம் சாரிடம் சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். அவர் அறை வாசல் வரை போனேன். சொன்னால் அவளை நாடகத்தில் இருந்து எடுத்துவிடுவார்கள், வேறு யாருக்கும் அந்த வசனம் வராது. அதனால் சொல்லவில்லை. அவளை நினைத்துத்தான் சொல்லவில்லை என்றும் எழுதலாம். இரண்டும்தான்.

அவர் என்னைப் பார்த்துவிட்டு உள்ளே கூப்பிட்டு, பள்ளிக்கூடத்து வேலைக்கான ஆர்டர் டைப் ஆகிக்கொண்டிருக்கிறது என்றார்.

ஏப்ரல் 9

எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன். எழுதினால் கொஞ்சம் அடங்கும்.

காலையிலேயே மெஸ் ஹாலைக் கழுவி, வாசலில் கோலம் போட்டு, சந்தனம் குங்குமத் தட்டோடு இரண்டு பெண்களை நிறுத்தியிருந்தார்கள். பையர் கம்பெனியிலிருந்து ஹில்டா என்று ஒரு வெள்ளைக்கார அம்மா, அறுபது வயது இருக்கும். கூடப் போட்டோ எடுக்க ஒருவர். பெண்கள் எல்லாரும் யூனிஃபார்மில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். செருப்புப் பலகையைப் பார்த்தேன். நாகஜோதியின் செருப்பை எடுத்துவிட்டிருந்தார்கள்.

நாடகம் ஆரம்பித்தது. பிரபு வந்தார், விருந்து நடந்தது, எல்லாரும் வாயை மூடி நின்றார்கள். பாண்டிமீனா சாமி அலமாரியில் இருந்து எடுத்த காமாட்சி விளக்கோடு வந்தாள். சுகப்பிரியா கிரீடத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "ஸ்பீக். நோ ஒன் ஷல் ஹார்ம் யூ," என்றாள். குரல் உடைந்தது.

பாண்டிமீனா விளக்கைத் தரையில் வைத்தாள். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. நாடகத்தில் அவள் கடைசிவரை விளக்கைக் கீழே வைப்பதில்லை. ராஜா பக்கம் திரும்ப வேண்டியவள் ஹில்டா அம்மா பக்கம் திரும்பினாள்.

அவள் இங்கிலீஷில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன். இங்கிலீஷில் எழுத எனக்குக் கை வரவில்லை.

"என் தோழிக்கு வயிற்றுவலி. இரண்டு நாள் வலி. வலியோடு மெஷினில் நின்றாள். பிறகு விழுந்தாள். நான் அவள் தலையை என் மடியில் வைத்திருந்தேன். கேட் பூட்டியிருந்தது. சாவி இருந்தது. நான் கெஞ்சினேன். விடியட்டும் என்றார்கள். நான் கெஞ்சினேன். விடியும்வரை கெஞ்சினேன். விடிந்தபோது அவள் ஜில்லென்று இருந்தாள். அவள் பெயர் நாகஜோதி. அவள்தான் ராஜாவாக நடிக்க வேண்டியவள்."

ஒரு தப்பு இல்லை. காலம், இடம், ஒருமை, எதிலும் தப்பு இல்லை. பெக்ட் என்று நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே சொன்னாள்.

முதலில் கைதட்டியது ராஜாமணி அக்கா, பெயரைத் தவிர அவருக்கு எதுவும் புரிந்திருக்காது. சாவி அவர் இடுப்பில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அப்புறம் போட்டோக்காரர் தட்டினார். பெண்கள் தட்டவில்லை.

ஹில்டா அம்மா தட்டவில்லை. என் பக்கம் சாய்ந்து இங்கிலீஷில் மெதுவாகக் கேட்டார். இந்த நாடகத்தை நான் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன். இந்தப் பேச்சு எனக்கு ஞாபகம் இல்லை. கேட், சாவி, ஒரு பெண்ணின் பெயர். இது நாடகத்தில் இருக்கிறதா?

சந்தானம் சார் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றது தெரிந்தது. அவருக்கு இங்கிலீஷ் தெரியும். பாண்டிமீனா மேடையில் இருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் அப்படியொரு வெளிச்சம். அந்த அம்மா என்னிடம் கேட்கிறார், நான் சொல்லப் போகிறேன் என்று நம்பிக்கொண்டு நிற்கிறாள்.

நான் சொன்னேன். அது நான் எழுதியது மேடம். பழைய இங்கிலீஷ் இவர்களுக்கு வராது. அதனால் எளிதாக மாற்றி, இவர்கள் சூழ்நிலைக்கு ஏற்ற மாதிரி இந்த ஊர்ப் பெண்கள் பெயரெல்லாம் வைத்து நானே எழுதினேன்.

என் உச்சரிப்பு எனக்கே அழகாகக் கேட்டது.

ஹில்டா அம்மா பெருமூச்சு விட்டார். நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, ஒரு நிமிஷம் பயந்தே போய்விட்டேன் என்றார். எவ்வளவு உருக்கமாக எழுதியிருக்கிறீர்கள் என்றார். பிறகு எழுந்து நின்று கைதட்டினார். மேடைக்குப் போய்ப் பாண்டிமீனாவின் கன்னத்தைத் தட்டிக்கொடுத்தார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் போட்டோவுக்கு எல்லாரையும் வரிசையில் நிற்கச் சொல்லிவிட்டார்கள்.

போட்டோவில் நான் நடுவில்.

வெளியே வரும்போது சந்தானம் சார், "நல்லாச் சமாளிச்சீங்க டீச்சர்," என்றார். அவருக்கு வேர்த்துக் கொட்டியிருந்தது.

எனக்குப் பயம். வேறு ஒன்றும் இல்லை, பயம்தான். அந்த அம்மா நாளைக்குப் பிளேன் ஏறிப் போய்விடுவார். நான் இந்த ஊரில் இருக்க வேண்டாமா?

ஏப்ரல் 10

பள்ளிக்கூடத்து ஆர்டர் வந்துவிட்டது. வீட்டுக்காரர் மைசூர்பாகு வாங்கிவந்தார். எனக்கு இறங்கவில்லை.

ஏப்ரல் 12

மிச்சம் இருந்த சார்ட்டுகளை எடுத்துவரப் போனேன். கேட்டுக்குப் பக்கத்தில் பாண்டிமீனா டிரங்குப் பெட்டியோடு உட்கார்ந்திருந்தாள். ஊருக்கு அனுப்புகிறார்கள். அவள் வீட்டுக்கு, பெண் சரியில்லை, கூப்பிட்டுக்கொள்ளுங்கள் என்று போன் போயிருக்கிறது. பெண் சரியில்லை என்றால் ஊரில் அதற்கு என்ன அர்த்தம் எடுத்துக்கொள்வார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். வேனுக்குக் காத்திருந்தாள். ராஜாமணி அக்கா எதையோ எடுக்க உள்ளே போயிருந்தார்.

அவளைத் தாண்டிப் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். அவள் எழுந்து நின்றுவிட்டாள். இந்தப் பெண்களுக்கு டீச்சரைக் கண்டால் எழுந்து நிற்கும் பழக்கம் போகாது.

"டீச்சர், அன்னைக்கு அந்தம்மா ஒங்ககிட்ட என்னமோ கேட்டாகளே. வேகமாப் பேசுனாக, எனக்குப் புரியல. என்ன கேட்டாக?"

"நல்லா நடிச்சேன்னு சொன்னாங்க."

"நாகஜோதியப் பத்திக் கேக்கலியா?"

"இல்ல."

கேட்டைத் திரும்பிப் பார்த்தாள். காவலுக்கு வாட்ச்மேன் இருந்தும் அதில் பூட்டுத் தொங்கியது.

"காய்ச்சல்னு அவ அப்பாகிட்டச் சொல்லித்தான் டீச்சர் பொணத்தக் குடுத்துவிட்டாக. அவரு ஒரு கேள்வி கேக்கல, கும்புட்டுட்டு வாங்கிட்டுப் போனாரு. ஊருக்குப் போயி நான் அவரு மூஞ்சிய எப்பிடிப் பாப்பேன்?" பிறகு குரலை இறக்கிக் கேட்டாள். "அந்தம்மாவுக்கு நான் சொன்னது வெளங்கல போல. என் இங்கிலீஷ் சரியில்லயா டீச்சர்?"

ராஜாமணி அக்கா வந்துகொண்டிருந்தார்.

"உச்சரிப்புதான் கொஞ்சம்," என்றேன். "இன்னும் பிராக்டிஸ் பண்ணணும்."

தலையை ஆட்டிக்கொண்டாள். நான் சொன்னால் அவளுக்கு வேதம். "நீங்க திருத்திக் குடுத்திருந்தா சரியா வந்திருக்கும் டீச்சர். நான்தான் ஒங்கள்ட்டக் காட்டாமப் பேசிட்டேன். எந்தப் பாவமோ, என்னால வீணாப் போச்சு."

வேன் வந்தது. கேட்டைத் திறந்தார்கள். அவள் செருப்பில் நாகஜோதி என்று பால்பாயின்ட் பேனாவால் எழுதியிருந்தது.

ஏப்ரல் 13

எழுத ஒன்றும் இல்லை.

மே 22

ஹில்டா அம்மாவிடம் இருந்து மில்லுக்குக் கடிதம் வந்ததாம். நான் எழுதிய அந்தப் பேச்சை அனுப்பிவைக்க முடியுமா, அவர்கள் ஊர்க் கூட்டத்தில் படித்துக் காட்ட வேண்டும் என்று கேட்டிருக்கிறார். சந்தானம் சார் போனில் சிரித்தார். "நீங்க எங்கயோ போயிட்டீங்க டீச்சர்."

எழுதிக் கொடுத்தேன். நாகஜோதி என்ற பெயரை எடுத்துவிட்டேன். மற்றபடி எதையும் மாற்றவில்லை, மாற்ற அதில் தப்பு ஒன்றும் இல்லை. அடியில் என் பெயர் போட வேண்டியிருந்தது.

ஜூன் 4

புதுப் பள்ளிக்கூடம். நான்காம் வகுப்பு. ஸ்மார்ட் போர்டு வேலை செய்யவில்லை, சாதாரண போர்டில்தான் எழுதினேன். முதல் பாடம் உடல் உறுப்புகள். ஹெட், ஐ, நெக், ஹேண்ட், பேக், லெக் என்று வரிசையாக எழுதி, வாசிக்கச் சொன்னேன். கோரஸாக வாசித்தார்கள்.

முன் பெஞ்சில் இருந்து ஒரு குழந்தை எழுந்து, "மிஸ், ஸ்டமக்க விட்டுட்டீங்க," என்றது.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சாக்பீஸை எடுத்து எழுதினேன். சத்தமாக வாசிக்கச் சொல்லவில்லை. அவர்களாகவே வாசித்தார்கள்.